சாத்தூர்னாலியா

வகுப்புக்குள் நுழைந்த புது டீச்சர் இரண்டு கைகளையும் விரித்து, “சால்வே!” என்றார். நாங்கள் நாற்பது பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி தன் தாத்தாவின் கம்பளிச் சால்வையை மடித்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். சிவகாசி வெயிலில் டீச்சருக்கு எதற்குச் சால்வை என்று அவள் வீட்டில் கேட்டார்களாம். கேட்டுவிட்டுக் கொடுத்தும் அனுப்பியிருந்தார்கள். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோமாபுரிக்காரர்கள் அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். ஆனாலும் கொண்டுவந்தவள் முகம் வாடக்கூடாதென்று அன்று முழுவதும் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டே பாடம் நடத்தினார்.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. சர்ச் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். படித்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். இங்கிலீஷ் வரும் என்பதற்காக அனுப்பப்பட்டவர்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு பிஷப் வருகிறார், பிள்ளைகள் லத்தீனில் பாட வேண்டும் என்று தீர்மானமாகி, அதற்காகவே நாகர்கோவில் பக்கத்திலிருந்து அந்த டீச்சரை வரவழைத்திருந்தார்கள். பொருள் தெரியாமல் பாடினால் அது பாட்டே இல்லை என்பது டீச்சரின் கட்சி. அதனால் முதலில் ரோமாபுரிக்குப் போனோம்.

மருந்து முக்காத தீக்குச்சி ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. தரையில் உட்கார்ந்து குச்சியை அடுக்கி ரோமன் எண்கள் படித்தோம். ஐந்துக்கு இடப்பக்கம் ஒரு குச்சி வைத்தால் நான்கு, வலப்பக்கம் வைத்தால் ஆறு. அதே குச்சி, அதே ஐந்து. பக்கம் மாறினால் எப்படிக் குறையும், எப்படிக் கூடும்? எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. செப்டம்பர் என்றால் லத்தீனில் ஏழாவது, அக்டோபர் எட்டாவது, டிசம்பர் பத்தாவது என்றார். வீட்டுக்கு வந்து காலண்டரை எண்ணிப் பார்த்தேன். செப்டம்பர் ஒன்பதாவதாக இருந்தது. ரோமாபுரிக்காரர்கள் பிற்காலத்தில் வருஷத்தின் தொடக்கத்தில் இரண்டு மாதங்களைச் சேர்த்துவிட்டார்கள், பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று டீச்சர் விளக்கினார். இவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டவர்களா இப்படி மறப்பார்கள் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

வினைச்சொல்லைக் கும்மியடித்துச் சொல்லிக்கொடுத்தார். வட்டமாகச் சுற்றி, கையைத் தட்டி, “லௌதோ, லௌதாஸ், லௌதாத்.” புகழ்கிறேன், புகழ்கிறாய், புகழ்கிறான். பள்ளிக்கு வெளியே லாரியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், “பிள்ளைக லோடு லோடுன்னு என்னலே பாடுது?” என்று வேலையை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

டிசம்பர் பிறந்ததும் ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: சாத்தூர்னாலியா.

“சாத்தூர்ல நடக்கிற திருவிழாவா டீச்சர்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். சாத்தூர் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். எனக்கு அங்கே சித்தி வீடு உண்டு.

இல்லை, இது ரோமாபுரித் திருவிழா என்றார் டீச்சர். சாத்தூர்ன் என்று அவர்களுக்கு ஒரு சாமி. வருஷம் பூராவும் எஜமான்களுக்கு ஊழியம் செய்கிற அடிமைகளுக்கு டிசம்பரில் இந்தச் சில நாட்கள் விடுதலை. எஜமானே இலை போட்டுப் பரிமாறுவார். அடிமை மனசில் இருப்பதை வெளிப்படையாகப் பேசலாம். என்ன பேசினாலும் எஜமான் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்று வகுப்பிலேயே நடத்திப் பார்த்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கடைசி பெஞ்சுக்காரிக்கு ராஜா பட்டம் விழுந்தது. அவள் டீச்சரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, “நான் இனிமேல் வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டேன்” என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னாள். டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பள்ளிக்கூடத்தில் நான் அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதை வீட்டில் நடத்தியே தீருவது என்று முடிவு செய்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அடிமை யாரும் இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. யோசித்து யோசித்துக் கடைசியில் அக்காவிடம் போய் நின்றேன்.

அக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வாசல் பெருக்குகிறவள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறாள். அவளுடைய அலுமினியத் தட்டும் டம்ளரும் கொல்லைப்புறத்து மாடத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுடைய ஒரே மகள் எங்கள் ஆபீஸில் வேலை செய்தாள். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது வழக்கம். அங்கே வெடிக்கு மருந்து நிரப்புகிற அறையில் அந்த மகளுக்கு வேலை.

நான் சொன்னதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “சாத்தூருக்காரங்களுக்கு வேற வேலை இல்லையா பாப்பா?” என்றாள். மறுநாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: “என்ன சொன்னாலும் கோவிக்க மாட்டாகளா?”

“கோவிக்கவே கூடாது.”

அதற்கு அடுத்த நாள், “அது பொஸ்தகத்துல எழுதியிருக்கா?” என்றாள். புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும், “எழுதியிருக்கு” என்றேன். அக்காவுக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “நான் இருக்கேன்ல?” என்று தைரியமும் சொன்னேன்.

தீபாவளி சீசன் முடிந்து, அப்பா நல்ல மனநிலையில் இருந்த நாட்கள் அவை. கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் காட்டியபடி வேஷ்டியைத் தோளைச் சுற்றிப் போட்டு ரோமாபுரிக்காரராக வந்து நின்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினாள். அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. “நல்லாத்தான் படிப்பு சொல்லிக் குடுக்காக” என்று முனகிக்கொண்டே கூடத்தில் இலையைப் போட்டாள்.

அக்கா குளித்து, தீபாவளிக்கு நாங்கள் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடத்துக்குள் வர அவளுக்குக் கால் எழவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன்.

அப்பா சோறு போட்டார். சாம்பார் ஊற்றினார். “இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?” என்று குனிந்து கேட்டார். நாங்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். அக்கா இலையைத் தொடவில்லை.

“அக்கா, இப்ப நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம்” என்றேன். அன்றைக்கு மட்டும் அவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். “யாரை வேணும்னாலும் திட்டலாம்!” அத்தையைத் திட்டுவாள் என்று எனக்குள் ஒரு ஆசை.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவருடைய முகத்தை அவள் நேராகப் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஆபீஸ்ல மருந்து ரூம் கதவு உள்பக்கமாத் தெறக்குது முதலாளி” என்றாள். “ஒரு தீப்பொறி விழுந்தா எல்லாரும் ஒண்ணா ஓடியாருவாக. முன்னால வந்தவ நெஞ்சே கதவைச் சாத்திரும். பின்னால உள்ளவுக அவளை நெருக்குவாக. கதவு தெறக்காது. போர்மேன்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு, கேக்கலை. வெளிப்பக்கமாத் தெறக்கிற மாதிரி மாத்துங்க.” கொஞ்சம் நிறுத்தி, “எம் மக அங்கனதான் இருக்கா” என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

“எந்த ரூமு?”

“தெக்குப்பக்கம் மூணும்.”

அப்பா கரண்டியை வைத்தார். கையைக் கழுவினார். தோளில் கிடந்த வேஷ்டியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். “சாப்பிட்டு எந்திரி” என்றாள் அத்தை, அக்காவைப் பார்க்காமல். அக்கா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, சாம்பார் சொட்டிய இடத்தைத் துடைத்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால், போயும் போயும் ஒரு கதவைப் பற்றியா சொல்வார்கள்?

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல் வந்தாள். மாடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். அத்தை கொல்லைக் கதவருகில் அவளிடம் ஏதோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மாடத்திலிருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். அந்த வாரமே அவள் மகளும் ஆபீஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளாக நின்றாளா, நிறுத்தினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா என்னைத் திட்டவில்லை. விருதுநகர் போய்வந்தபோது ரிப்பன்கூட வாங்கிவந்தார். “அக்காவை ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டேன். “வீட்டு வேலை அத்தை பாத்துக்கிறது. அவகிட்ட கேளு” என்றார். அத்தையிடம் கேட்டால், “உங்கப்பனைக் கேளு” என்றாள். அம்மாவிடம் போனேன். “சோறு ஆறுது பாரு” என்றாள்.

கடைசியில் டீச்சரிடம் போனேன்.

“திருவிழா முடிஞ்ச மறுநாள் அடிமைங்க என்ன செய்வாங்க டீச்சர்?”

“பழையபடி வேலை செய்வாங்க.”

“எஜமான் வர வேண்டாம்னு சொல்லிட்டா?”

“அப்படி எப்படிச் சொல்வாங்க? அடிமையை யாராவது வீட்டைவிட்டு அனுப்புவாங்களா?” என்று சிரித்தார் டீச்சர்.

அப்படியானால் எங்கள் வீட்டைவிட ரோமாபுரியே தேவலை போலிருக்கிறதே என்று தோன்றியது. அதையே சொல்லவும் சொன்னேன். டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பிறகு வகுப்பில் தீக்குச்சியும் இல்லை, கும்மியும் இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து பாடினோம். பிஷப் மிகவும் நன்றாக இருந்தது என்றாராம். டீச்சர் என்மேல்தான் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் அவர் கண்ணில் படாமலே திரிந்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலைக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை. தெற்குப்பக்கத்து மூன்று அறைகளின் கதவுகளும் கழற்றப்பட்டு மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு ஆசாரிகள் நிலையில் கீலை மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு கதவை மாட்டி முடித்ததும், அப்பா உள்ளே போய் அதைத் தள்ளிப் பார்த்தார். திரும்பவும் உள்ளே போய் இன்னும் வேகமாகத் தள்ளிப் பார்த்தார்.

“எதுக்குப்பா மாத்துறாங்க?”

“இன்ஸ்பெக்டர் வாராரு. புது ரூல்ஸு” என்றார்.

நான் நம்பினேன். ஆனாலும் ஒன்று மட்டும் இடித்தது. கோபம் என்றால் கதவை ஏன் மாற்றுகிறார்? கோபம் இல்லை என்றால் அக்கா எங்கே?

கோடை விடுமுறையில் அவளைப் பார்த்தேன். அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெம்பக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் அக்கா ஒரு துணிமூட்டையோடு நின்றிருந்தாள். ஓடினேன். என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாட்களாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று நான் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நான் வாயைத் திறக்குமுன் அக்கா என் கன்னத்தை வழித்துவிட்டு, “பாப்பா, ஆபீஸ் பக்கம் போனியா?” என்றாள்.

“போனேன். கதவெல்லாம் மாத்திட்டாங்க.”

“எல்லாமுமா?”

“மூணும்.”

“எங்கன பாக்கத் தெறக்குது? கையை வச்சுக் காட்டு.”

நான் காற்றில் கையை வைத்துக் காட்டினேன். அவளுக்குத் திருப்தியாகவில்லை. “நீ உள்ள நிக்கேன்னு வச்சிக்கோ. எப்படிப் போவ?” என்றாள். நான் இரண்டு கைகளாலும் முன்னால் தள்ளிக்கொண்டு இரண்டடி ஓடிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தேன்.

“இப்ப அங்கன யாரு யாரு வேலை பாக்காக?”

எனக்குத் தெரியவில்லை. அவள் மகள்தான் அங்கே இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவும் கேட்கிறாள் என்று குழம்பிப்போய் நின்றேன்.

பஸ் வந்தது. அக்கா இடுப்பிலிருந்து சில்லறை எடுத்து, கூடைக்காரியிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி என் கையில் திணித்தாள். “நல்லாப் படி தாயி” என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்கவில்லை. அத்தையைப் பற்றி, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்கு எங்கள் வீடு பிடிக்காமல் போய்விட்டது, என்னையும்தான் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்காமல் கையில் வைத்தபடியே, அம்மாவுக்குப் பின்னால் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.