மன்றாட்டில் இல்லாத பெயர்

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையின் மன்றாட்டுகளை வாசிப்பவர் என் அம்மா; ஒவ்வொரு வேண்டுதலுக்கும் சபை முழுக்க ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்லும். கம்பம் நகருக்குக் கிழக்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஊராட்சித் தலைவர் தேர்தலில் என் தாய்மாமா நின்றார். கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர் அவர். அதில் தன் பெயர் ஒருமுறை ஒலித்தால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் நியாயம்.

பங்குச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. தவறாமல் ஓட்டுப் போடுங்கள், அதற்குக் காசு வாங்காதீர்கள் என்பதற்கு மேல் பிரசங்கத்தில் ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தகப்பன் இல்லாத தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். அதுவரை அவர் அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை.

“மன்றாட்டுல என் பேர மட்டும் சொல்லீரு தாயி.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

“ஒங்களுக்கு எதுக்க நிக்கிறவுக பொஞ்சாதியும் அங்கனதாண்ணே முழங்கால் போட்டிருப்பாக. அவுக வாயாலயும் ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’னு சொல்ல வைக்கவா?”

மாமா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

ஞாயிறன்று அம்மா, தேர்தலில் நிற்கும் அனைவருக்காகவும், வாக்களிக்கப்போகும் எல்லோருக்காகவும் என்று வாசித்தார். நற்கருணை தொடங்குமுன்பே மாமா வெளியேறினார். இடத்துக்குத் திரும்பிய அம்மாவின் காதில், “மாமா பேரு விட்டுப்போச்சும்மா” என்றேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாமா கொஞ்ச ஓட்டில் தோற்றார். அடுத்து வந்த என் புதுநன்மைக்கு, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு, அவர் வரவில்லை. தாய்மாமன் சீராக வரவேண்டிய வெள்ளைக் கவுனை அத்தைதான் கொண்டுவந்து, வாசலோடு கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணனும் தங்கையும் மறுபடி பேசிக்கொள்ள வெகுகாலம் ஆனது.

முடிவு தெரிந்த அன்று அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே நின்ற எனக்குக் கோபமாக இருந்தது. பெயரைச் சொல்லக்கூட மனமில்லாதவர், மாமா தோற்றதற்கு ஏன் அழ வேண்டும்? மைக்கில் சொல்லாத அந்தப் பெயருக்குத்தான் அம்மா ஓட்டுப் போட்டிருப்பார் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.