லிஃப்டுக்காரர் வீட்டு ஜெட் படகு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவிடுக்கு வழியாக என்னென்னவோ வாக்குக் கொடுப்பார்கள். வெளியே வந்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டதும் அத்தனையும் மறந்துபோகும். லிஃப்ட் மெக்கானிக்காகவே முக்கால்வாசி ஆயுளைக் கழித்துவிட்ட லிஃப்டுக்காரருக்கு இது பழகிப்போன விஷயம். ஒருத்தர் தன் பெண்ணையே கட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்து வெளியே எடுத்த பிறகு விசாரித்தால், அந்த மனிதருக்குப் பெண்ணே கிடையாது.

ஆனால் ஒருநாள் அப்படி மாட்டிக்கொண்ட பல் டாக்டர் ஒருவர் சொன்ன சொல் தவறாதவர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"என்னை மட்டும் வெளிய எடுத்துடுங்க. வீட்ல ஒரு படகு நிக்குது, ஜெட் படகு. அதை நீங்களே வெச்சுக்குங்க" என்றார் பல் டாக்டர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுகொண்டு.

"ஆகட்டுங்க டாக்டர். கதவுல சாயாம நில்லுங்க" என்றார் லிஃப்டுக்காரர்.

மறுநாள் காலையில் படகு, இழுவண்டியோடு அவர் வாசலில் நின்றது. படகு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பல் டாக்டர் அதைப் பல வருஷமாகப் பூந்தொட்டியாக வைத்திருந்தார். தரைப்பலகை ஊறி, மிதித்த இடத்தில் கால் உள்ளே போயிற்று. எஞ்சினுக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன.

லிஃப்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் என்ன, குளிக்கும்போது காதில் தண்ணீர் போனாலே சுவரைப் பிடித்துக்கொள்வார். "உங்களுக்கு வாளித் தண்ணியிலேயே கண்டம்" என்பாள் அவர் மனைவி. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சீருடையோடு வாசலுக்கு வந்து படகை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு பிரேக் எங்க இருக்கு?"

"படகுக்கு பிரேக் கிடையாதும்மா. பின்னாடி வாளி மாதிரி ஒரு மூடி இருக்கு. அதை இறக்கினா தண்ணி முன்பக்கமா திரும்பி அடிக்கும், படகு நின்னுரும்."

"வாளியா?"

"வாளி மாதிரி."

அவள் வேலைக்குப் போய்விட்டாள். படகைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். ஆனால் ஓட்டுகிற இருக்கையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. எதிரே சுவர்தான் இருந்தது. இருந்தாலும் அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

"ஆயுசு பூரா மேல கீழ, மேல கீழன்னே போயிருச்சு. ஒரு தடவையாவது நேரா போய்ப் பாக்கணும்" என்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"நேராப் போறதுன்னா என் பஸ்ல ஏறுங்க" என்றாள் அவள். ஆனால் தடுக்கவில்லை.

படகு, கார் நிறுத்தும் கொட்டகையைவிட நீளம். மழை படாமல் வேலை பார்க்க வேண்டுமானால் மூக்கை வீட்டுக்குள் விட்டே ஆகவேண்டும். முன்கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். படகின் முன்பக்கம் கூடத்துக்குள் வந்து, டிவிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. வருகிறவர்கள் குனிந்து, பக்கவாட்டில் நுழைந்து வந்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போய், மூக்கில் இருந்த கம்பியில் மனைவி தன் சீருடையைக் காயப்போட ஆரம்பித்தாள். தபால்காரர் கடிதங்களைப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார்.

ஜெட் படகுக்கு அடியில் விசிறி கிடையாது. வயிற்றுக்குள் ஒரு பம்ப் இருக்கும். அது படகின் அடியிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடிக்கும், அந்த உதையில் படகு முன்னால் பாயும். லிஃப்டுக்காரர் அந்தப் பம்பைப் பிரித்தபோது, உள்ளே சுழலும் சக்கரத்தில் என்னவோ இறுகச் சுற்றியிருந்தது. கத்தரித்துக் கத்தரித்து எடுத்தால், பூப்போட்ட நீச்சல் கால்சட்டை. பல் டாக்டர் ஏன் ஒரே ஒருநாள் ஓட்டிவிட்டுப் படகை மூலையில் போட்டார் என்பதும், அன்று எப்படிக் கரையேறியிருப்பார் என்பதும் அப்போது விளங்கிற்று. மிஞ்சியதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். பல் டாக்டர் வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அழுகிய தரையை வெட்டி எறிந்து, புதுப் பலகை வைத்து, மேலே பைபர் துணி விரித்து ரெசின் பசை பூசினார். வீடெல்லாம் ரெசின் வாசனை. பைபர் தூசி பட்டுக் குடும்பமே சொறிந்துகொண்டது. மனைவி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சொறிவதைப் பார்த்துக் கண்டக்டர் தள்ளி நிற்க ஆரம்பித்தார்.

எலிகள் தின்றது போக மீதியிருந்த எஞ்சின் எதற்கும் ஆகவில்லை. புது எஞ்சின் கொடுத்தது மனைவியின் தம்பி. அவன் பழைய வண்டிகளை உடைத்துப் பிரித்து விற்கிறவன்.

"மாமா, உங்களுக்குன்னே ஒரு எஞ்சின் வந்திருக்கு. சவ வண்டியில இருந்தது."

"சவ வண்டியா?"

"யோசிச்சுப் பாருங்க. பின்னாடி ஜனங்க நடந்து வரும்ல, அதனால அது ஜென்மத்துல வேகமா போனதே இல்ல. உள்ள பூரா புதுசு. இத்தன வருஷமா அடக்கி வெச்ச வேகம் மொத்தமும் அப்படியே கெடக்கு."

லிஃப்டுக்காரருக்கு இதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பம்பிலிருந்தே குளிர்ந்த தண்ணீர் வந்துபோகும்படி குழாய் போட்டார். எஞ்சின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் நிற்கும்வரை நூல் பிடித்துப் பார்த்தார். ஸ்டார்ட் செய்யப் பழைய லிஃப்ட் ஒன்றின் பொத்தான்களைப் பதித்தார். மேல் அம்பை அமுக்கினால் எஞ்சின் ஓடும். கீழ் அம்பை அமுக்கினால் நிற்கும்.

"கீழ அமுக்கினா முங்கிடாதே?" என்று கேட்டாள் மனைவி.

முதல்முறை மேல் அம்பை அமுக்கிய அன்று, எஞ்சினுக்கு முந்தி ஒரு புல்லாங்குழல் கேட்டது. நெஞ்சைப் பிழியும் சோகம். சவ வண்டியில் பாட்டுப் போடும் பெட்டி, எஞ்சினின் ஒயர்க்கட்டோடு பின்னிப் பிணைந்து கூடவே வந்துவிட்டிருந்தது. அதன் ஒயரை வெட்டினால் எஞ்சினும் நின்றது. மச்சான் கையை விரித்துவிட்டான்.

"எஞ்சின் வேணும்னா பாட்டும் வேணும் மாமா. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

தோட்டத்துக் குழாயைச் செருகி அவர் எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே தெருவில் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்து மனைவியின் முன்னால் நின்றார்.

"எப்ப ஆச்சும்மா? நேத்துகூட நல்லாத்தானே பாத்தேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருக்கு."

"மனசைத் தேத்திக்கணும்" என்றார் அவர், காதில் வாங்காமல். அப்போது லிஃப்டுக்காரர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

அந்த வருஷ மழையில், அடுத்த தெருவிலிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளம் முங்கியது. கார் நிறுத்தும் இடம் முழுக்க இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் நின்றுபோய், மேல்மாடிக்காரர்கள் இறங்க முடியாமல் தவித்தார்கள். ஊரிலிருந்த பம்ப் செட்டெல்லாம் யார் யாரிடமோ போய்விட்டது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், லிஃப்டைப் பற்றிக் கேட்க லிஃப்டுக்காரர் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் படகின் மூக்கில் முட்டிக்கொண்டு நின்றார்.

"முதல்ல தண்ணி வடியணுங்க. அப்புறம்தான் லிஃப்டைத் தொட முடியும்" என்றார் லிஃப்டுக்காரர். பிறகு, பெருமை அடங்காமல், "இதுவும் ஒரு பம்புதான், பாத்துக்குங்க. இது துப்புற தண்ணிக்கு முன்னால உங்க பம்ப் செட்டெல்லாம் கொசு" என்றார்.

செயலாளர் படகைப் பார்த்தார். லிஃப்டுக்காரரைப் பார்த்தார். "அப்ப எடுத்துட்டு வாங்க" என்றார்.

சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தான் செய்த ஒன்றை ஒருவர் நம்பிவிட்டார் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சானின் லாரியில் இழுவண்டியைக் கட்டி, மனைவி ஓட்டினாள். நீளப் பேருந்தைப் பணிமனைச் சந்தில் பின்னோக்கி விடுகிறவளுக்கு அந்தச் சரிவுப்பாதை ஒரு பொருட்டே இல்லை. படகு மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, வாசலின் குறுக்கு உத்தரத்துக்கு அடியில் நழுவி, கார்களுக்கு நடுவே மிதந்தது. லிஃப்டுக்காரர் உள்ளே இரண்டு மிதவைச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

"மிதக்குதா?" என்று கேட்டார்.

"மிதக்குது மாமா. கண்ணைத் தெறங்க" என்றான் மச்சான். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

படகின் வாலைச் சரிவுப் பக்கமாகத் திருப்பி, தூண்களோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். சரிவின் உச்சியில் மணல் மூட்டை அடுக்கினார்கள். லிஃப்டுக்காரர் மேல் அம்பை அமுக்கினார். புல்லாங்குழல் அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. மேலே பால்கனிகளில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த கணம் எஞ்சின், அடக்கி வைத்திருந்த அத்தனை வருஷத்து வேகத்தையும் ஒரேயடியாக விட்டது. தடிமனான நீர்த்தூண் ஒன்று சரிவோடு ஏறி, மணல் மூட்டையைத் தாண்டித் தெருவில் விழுந்தது. தெருவோரம் செயலாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவரை நாற்காலியோடு தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய், ஒரு மருந்துக் கடையின் படிக்கட்டில் பதமாக வைத்தது. ஒரு சிராய்ப்பு இல்லை. கடைக்காரர், "என்ன வேணும் சார்?" என்று கேட்டாராம்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பிறகு பம்ப் யாரோ ஒருவருடைய மிதியடியை விழுங்கி, இருமி, நின்றது. மிச்சத் தண்ணீரை ஜனங்களே வாளியால் இறைத்தார்கள். லிஃப்டுக்காரர் ராத்தூக்கம் இல்லாமல் லிஃப்டைச் சரிசெய்தார். எல்லாரும் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அதற்குப் பிறகுதான், படகு இரண்டு கார் இடங்களை அடைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருப்பதை எல்லாரும் கவனித்தார்கள்.

இழுவண்டியில் ஏற்றினால் வாசல் உத்தரம் இடித்தது. தண்ணீரில் தாழ்ந்து மிதந்து உள்ளே வந்த படகு, தண்ணீர் இல்லாமல் வெளியே போவதாக இல்லை.

சங்கக் கூட்டம் கூடியது. உத்தரத்தை உடைக்கலாமா என்றார் ஒருவர். கட்டடமே இறங்கிவிடும் என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வக்கீல் எழுந்து, மறுபடி தண்ணீர் விட்டு அடித்தளத்தை நிரப்பினால் படகு தானாக மிதந்து வெளியேறும் என்று யோசனை சொன்னார். கூட்டம் அதை ஆற அமர யோசித்தது. சேறு படிந்த தரையையும் அதே சாக்கில் கழுவினாற்போல ஆகும் என்று நாலைந்து பேர் ஆதரித்தார்கள்.

"மெக்கானிக் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் செயலாளர்.

லிஃப்டுக்காரர் எழுந்தார். "படகுக்காரனா கேட்டா, விடுங்கன்னுதான் சொல்லுவேன். லிஃப்டுக்காரனா கேட்டா, அப்படி விடுறவன் கையை ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில், கனம் குறையட்டும் என்று அவரே எஞ்சினைக் கழற்றினார். தள்ளுவண்டியில் வைத்து, தான் சரிசெய்த லிஃப்டிலேயே ஏற்றி, தரைத்தளத்துக்கு அனுப்பினார். வழியில் யாரோ பொத்தானை அமுக்கிவிட்டதால் அது நாலாம் மாடிக்குப் போய்விட்டது. கதவு திறந்ததும் அங்கே நின்ற பெரியவர் எஞ்சினுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்" என்றார். வெறும் படகை, மனைவியின் பணிமனையிலிருந்து வந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் கட்டில் தூக்குவதுபோலச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து "போலாம், ரைட்" என்று குரல் கொடுத்தபடியே வந்தார்.

எஞ்சினை மறுபடி பூட்டி, ஊருக்கு வெளியே உள்ள ஏரியில் படகை இறக்கினார்கள். ஓட்டியது மனைவி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புல்லாங்குழல் கேட்டதும் கரையில் தூண்டில் போட்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. காற்று கன்னத்தை இழுத்தது. அவருக்குப் பயமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எது எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க நிறுத்தணும்?" என்று மனைவி கத்திக் கேட்டாள்.

"இப்ப வேண்டாம்" என்றார் அவர்.

அவள் அக்கரையில் இருந்த படித்துறை வரைக்கும் போய், மூடியை இறக்கி, படகை அணைத்து நிறுத்தினாள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்து, இது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாள். மனைவி எதிர்க்கரையைக் காட்டினாள். பெண்மணி ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.