கம்பெனித் தலைவர் கொடுத்த கல்: கறுப்புக் காட்டில் ஒரு யுரேனியச் சுரங்கம்

ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் நடக்கப் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறீர்கள். நான் போனது எழுபத்து நான்கு ஆகஸ்டில், ஒரே ஒரு நாள். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஃப்ரைபர்க்கில் கல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சம்பளம் யுரேனியம் தேடும் ஒரு கம்பெனியுடையது. அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனித் தலைவர் மனைவியோடு வரச் சொன்னால் போகாமல் இருக்க முடியுமா? எனக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

காலை 7.40 ரயில். ஆளுக்கு ஆறு மார்க். மலையேற ஒரு மணி நேரம், ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பெனி கார், பதினெட்டு கிலோமீட்டர். ஓட்டுநர் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"நீயும் உள்ளே போறியான்னு."

"போனா என்ன?"

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுரங்கம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். மரங்களுக்கு நடுவே மலையில் ஒரு ஓட்டை, ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஐஸ் மாதிரி காற்று வந்தது. நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

தலைவர் நெட்டையான ஆள், பச்சைக் கோட்டு. கைகுலுக்கிவிட்டு, நெல்லிக்காய் அளவில் மஞ்சள் பூத்த கல் ஒன்றை நீட்டினார். பெரிய மனிதர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கித்தானே நமக்குப் பழக்கம். வாங்கி, காசு முடிகிற மாதிரி புடவையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கொட்டகையில் இரண்டு மணி நேரம் அதோடுதான் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன்.

கிளம்பும்போது சுரங்க மேஸ்திரி ஒவ்வொருவர் மேலும் கதிர்வீச்சு அளக்கும் பெட்டியை ஓட்டிப் பார்த்தார். மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் சத்தம். என் இடுப்புக்கு வந்ததும் வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்தது. மேஸ்திரியின் கை அப்படியே நின்றது. வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. தலைவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றார்?"

"சின்னக் கல்தானாம். அவர் மேஜை மேலேயே ஒண்ணு இருக்காம். பயப்படாதேங்கிறார்."

"மேஜைக்கு அஞ்சு மாசமான்னு கேளுங்க."

"ஐயோ, சும்மா இரு. கான்ட்ராக்ட் அவர் கையிலே இருக்கு."

"என் பிள்ளை யார் கையிலே இருக்கு?"

முடிச்சை அவிழ்த்தேன். கல்லை எடுத்துத் தலைவரின் கோட்டுப் பைக்குள் போட்டேன். "நான் பெத்தெடுக்கிற வரைக்கும் இவரே வெச்சிருக்கட்டும், சொல்லுங்க."

வீட்டுக்காரர் சொல்லவில்லை. தேவையும் படவில்லை. தலைவர் இரண்டு விரலால் கல்லை வெளியே எடுத்து, மேஸ்திரியின் தகர டப்பாவில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. டாக்டர் ஒன்றும் ஆகாது என்றார். தலைவரும் அதைத்தானே சொன்னார்! டிசம்பரில் மகள் பிறந்தபோது முகத்தைப் பார்க்கும் முன் விரல்களை எண்ணினேன். இருபதும் இருந்தன.

சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிறது. தைரியமாக நடக்கப் போங்கள். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. சுரங்கத்திலிருந்து கொட்டிய பழைய மண்மேடுகளில் கல் மட்டும் பொறுக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கமே வேண்டாம்.

மகளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சளி என்று அவள் போன் செய்தால்கூட, எத்தனை நாளாக என்று இரண்டு தடவை கேட்கிறேன். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.