ஏஞ்சலினுக்குக் கயிறு பிடித்தவள்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எந்த வரிசையில், எந்த அடுக்கில் கிடக்கிறது என்று கிரேன் ஓட்டுகிறவரைக் கேட்டால் கையை விரிப்பார். கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும். அதற்கான மென்பொருளை எழுதிப் பராமரிக்கிற மூன்று பேரில் ஏஞ்சலின் ஒருத்தி. திரேஸ்புரத்துக்காரி. கை வேகம், அதைவிட வாய் வேகம்.

கம்ப்யூட்டருக்குள் அவளுக்கு இரண்டு யார்டுகள். ஒன்று நிஜம், அதற்கு ‘லைவ்’ என்று பெயர். இன்னொன்று அதை அச்சு அசலாக நகலெடுத்த ‘டிரயல்’. புதிதாக எழுதியதை டிரயலில் ஓட்டிப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் துடைத்துப் போடுவாள். நகல்தானே, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் மூன்று பேருமே லைவுக்குள் இஷ்டம்போல் போய்வந்தார்கள். மேலாளர் மகாராஜன்தான் அதற்குப் பூட்டுப் போட்டார். இனி லைவைப் பார்க்கலாம். மாற்றவோ அழிக்கவோ வேண்டுமென்றால் கேட் ஜன்னலில் லாரிக்காரர்களுக்குப் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஐஸ்வர்யாவின் திரைக்குக் கேள்வி போகும், அவள் சம்மதித்தால்தான் நடக்கும்.

“எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?” என்று ஏஞ்சலின் பாய்ந்தாள்.

“உன் மேல இருக்கும்மா. உன் விரல் மேலதான் இல்ல.”

“அதுக்கு ஐஸ்வர்யாவா? அவளுக்கு ஒரு வரி புரோகிராம் தெரியாதே!”

“யார்டு குழம்பினா லாரிக்காரங்ககிட்ட வசவு வாங்கப்போறது அவதான. அதான் அவ.”

வீட்டுக்கு வந்து பொருமினாள். ஒரு காலத்தில் சங்கு குளித்த அவள் அப்பா வளன் விழுந்து விழுந்து சிரித்தார். “அட, உனக்கு மச்சான் வச்சிருக்காவளா!” முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க, படகில் மனைவியின் தம்பியை நிறுத்துவதுதான் அங்கே வழக்கம். அக்காளின் தாலி அவன் கையில். கண் அசர மாட்டான். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். மாலையில் கொழும்புக் கப்பலுக்குப் பெட்டிகள் ஏற வேண்டும். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஏஞ்சலின் டிரயலில் ஒரு சோதனையை முடிக்கும்போது போன் அடித்தது. லாரி ஓட்டும் செந்தில்முருகன் அண்ணாச்சி. தெருவில் தெரிந்த பிள்ளை யார்டில் இருக்கும்போது கேட் ஜன்னலில் வரிசையில் நிற்பானேன்?

“ஏ பிள்ள, என் பெட்டி எங்கன கெடக்கு?”

வழக்கம்போல லைவைத் திறந்து, பார்த்துச் சொன்னாள். விட்ட வேலையைத் தொடர்ந்தாள். துடைக்கும் கட்டளையைத் தட்டினாள். திரை நகரவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஐஸ்வர்யா.

“ஏளா, யார்டையே காலி பண்ணப் போறியா?”

“டிரயல்தான்ளா. சும்மா அமுக்கு, எனக்கு வேலை கெடக்கு.”

“டிரயலுன்னா என்கிட்ட கேக்காதுல்லா? கேக்குதுன்னா அது லைவு. மேல என்ன எழுதியிருக்குன்னு பாரு.”

ஏஞ்சலின் பார்த்தாள். அண்ணாச்சிக்காகத் திரையில் திறந்த ஜன்னல் மூடாமல் அப்படியே இருந்தது. மேலே ‘லைவ்’ என்று கொட்டை எழுத்தில்.

லைவ் அழிந்திருந்தால், நேற்று ராத்திரி எடுத்து வைத்த அதன் நகல் இருக்கிறதுதான். ஆனால் காலையிலிருந்து இடம் மாறிய பெட்டி ஒன்றுகூட அதில் இருக்காது. ஒவ்வொன்றாய் இறக்கித் தேடுவதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும்.

“இருக்கியா?” என்றாள் ஐஸ்வர்யா. “வேண்டாம்னு அமுக்கிட்டேன். மூச்சு விடு.”

ஏஞ்சலின் அந்த ஜன்னலை மூடினாள். முதலில் மகாராஜன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. “பூட்டு வேலை செய்யுது போல” என்று மட்டும் சொன்னார். அப்புறம் வெயிலில் நடந்து கேட்டுக்குப் போனாள். ஐஸ்வர்யா ஒரு காதில் போனும், எதிரே நாலு டிரைவர்களுமாக இருந்தாள்.

“ஒன்ன என்னெல்லாமோ சொல்லியிருக்கேன்ளா” என்றாள் ஏஞ்சலின்.

“தெரியும். எல்லாம் காதுக்கு வந்துச்சு.”

“ரொம்ப நன்றிளா. நெஜமா.”

“சரி சரி, அழுது தொலைக்காத. டிரைவருங்க பாக்காங்க.”

“இன்னொண்ணு. லைவப் பாக்குத அனுமதியும் எனக்கு வேண்டாம், சார்கிட்ட சொல்லிட்டேன். இனிமே பெட்டி எங்கன்னு எவரு கேட்டாலும் உன்கிட்ட அனுப்புதேன். அண்ணாச்சி உட்பட.”

ஐஸ்வர்யா போனைக் கீழே வைத்தாள். “அடிப்பாவி! நன்றி சொல்ல வந்தியா, வேலை குடுக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான்.”

பின்னாலிருந்து ஒரு டிரைவர் டோக்கனை நீட்டினார். ஏஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டாள்.