மாமி அவிழ்த்த முடிச்சு

என் அலுமாரியின் கீழ் லாச்சியில், மகளின் குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில், ஒரு துணித் துண்டு கிடக்கிறது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பழைய பருத்திச் சேலையின் கரையோரமாகக் கிழித்தது. நீளம் இரண்டு முழம் வரும். அதன் ஒரு நுனி மட்டும் சுருண்டு வளையம்போல நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு அளவு. அயர்ன் பண்ணினால் ஒரு நிமிடத்தில் நேராகிவிடும். எட்டு வருடமாக நான் பண்ணவில்லை.

அது என் மாமியின் சேலை. மாமி என் அப்பாவின் தங்கை. நாங்கள் இத்தாலியில், சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஊரில் சண்டை முடிந்து, முகாமில் இருந்தும் வெளியே விட்ட பின்னர், அப்பா எங்கெங்கோ அலைந்து அவரை இங்கே எடுப்பித்தார். தனியாகத்தான் வந்தார். அவருடைய ஒரே மகள், எனக்கு மச்சாள், என் வயதுக்காரி, சண்டையின் கடைசி நடையில் காணாமல் போயிருந்தாள். “சனநெரிசலிலை கை விட்டுப்போச்சு” என்று மாமி எல்லோருக்கும் அந்த ஒரே வசனத்தைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். நாங்களும் அதற்கு மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம். உண்மையில் எங்களுக்குப் பயம்.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை வைக்கும் ஞாயிறுகளில், யாருக்காக மன்றாட வேண்டும் என்று இரண்டு தாள்களில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, மற்றது இறந்தவர்களுக்கு. மாமி தன் மகளின் பெயரை எப்போதும் முதல் தாளில்தான் எழுதுவார். ஒருமுறை என் அம்மா, நல்ல மனதோடுதான், “இனி மற்றத் தாளிலை எழுதினால் அந்த ஆத்துமாவுக்கு நல்லதெல்லே மச்சாள்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். மாமி மூன்று மாதம் அம்மாவோடு கதைக்கவில்லை.

அவருக்கு வேலை கிடைத்தது பலேர்மோவில் அல்ல. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மலைப்பக்கம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில், எண்பதை நெருங்கும் ஒரு சிஞ்ஞோராவை, அதாவது ஒரு இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டிலேயே தங்குவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது. மாமியின் இத்தாலியனில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. எல்லாமே இப்போதுதான் நடக்கும். சிஞ்ஞோராவோ பல்லில்லாத வாயால் சுத்தச் சிசிலியன் பேசுபவர். இருவரும் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் நான் போகும் போதெல்லாம் இருவரும் பல்கனியில் இருந்து பயற்றங்காய் உடைத்தபடி மணிக்கணக்கில் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஊரில் ஒவ்வொரு ஆடி மாதமும் ஒரு சனி, ஞாயிறு, பழைய இரண்டாம் உலக யுத்தத்தை நடித்துக் காட்டுவார்கள். பலேர்மோத் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது பட்டணத்துச் சனம் மெத்தையையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு ஓடி வந்திருக்கிறது. பிறகு அமெரிக்கன் ஜீப்பில் வந்து, பிள்ளைகளுக்குச் சூயிங்கம் கொடுக்க, சண்டை முடிந்தது. இதுதான் கதை. சிஞ்ஞோரா அப்படி ஓடி வந்த பிள்ளைகளில் ஒருவர். அப்போது அவருக்கு ஆறு வயது. எட்டு வருடங்களுக்கு முன் அவருடைய பேத்தியின் மகளுக்கும் ஆறு வயது ஆகியிருந்தது. சிறுமி சிஞ்ஞோராவாக வேஷம் போட்டு நடப்பது என்று முடிவானது. “அப்படியென்றால் என் அம்மாவாக நீ நட” என்று சிஞ்ஞோரா மாமியின் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டார். இந்தக் கறுப்பு நிறத்தில் சிஞ்ஞோராவுக்கு ஒரு அம்மாவா என்று பேத்தி முகத்தைச் சுளித்தாளாம். கிழவி விடவில்லை.

மாமி ஓம் என்றதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த ஞாயிறு மொண்டெல்லோவில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் கடற்கரைக் கூட்டம் அள்ளும். பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு, கன்னத்தைப் பொத்தியபடியே பஸ் ஏறினேன்.

நல்ல வெயில். சதுக்கத்தில் கம்பளி உடுப்புப் போட்ட ஜெர்மன் இராணுவம் வியர்த்து ஒழுக ஐஸ் குடித்துக்கொண்டிருந்தது. தெரு முனையில் வைக்கோல் கட்டுகளால் ஒரு சோதனைச் சாவடி. மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் வர்ணனை. கறுப்பு நீளச் சட்டையும் தலைத்துண்டுமாக நின்ற மாமியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் வைக்கோல் அடைத்த பொய் மூட்டை கொடுத்திருந்தார்கள். மாமி தன் மூட்டையை அவிழ்த்து வைக்கோலைக் கொட்டிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட், பனடோல், தீப்பெட்டி, பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டை என்று கட்டியிருந்தார். அவருடைய பாஸ்போர்ட்டும் பெர்மெஸ்ஸோவும், அதாவது இந்த நாட்டில் இருக்க விடும் அந்த ஒற்றை அட்டையும், பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் இருந்தன.

“மாமி, இது நாடகம். அரைக் கிலோமீட்டர்தான் நடக்கப் போறியள்.”

“எண்டாலும் நடக்கிறதெல்லே பிள்ளை.”

சிறுமியின் மணிக்கட்டில் நீலத் துணி கட்டியிருந்தது. மறு நுனி மாமியின் கையில். சிறுமிக்கு அது பெரிய விளையாட்டு. இழுத்து இழுத்துச் சிரித்தாள். நகரசபைக் கட்டடத்தில் அபாயச் சங்கு ஊதியது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். மாமி பதறுவாரோ என்று நான் பக்கத்தில் ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, “எங்களுக்கு ஆர் சங்கு ஊதினவை? இவையின்ரை சண்டையிலை முதலே சொல்லிப்போட்டுத்தான் அடிக்கிறாங்கள் போலை” என்றார். எனக்கு மனம் ஆறிவிட்டது. பட்டாசு வெடித்தது, புகை வந்தது, மாமி சிறுமியை மதிலோரமாக, தன் உடம்பை வெளிப்பக்கம் வைத்து, நிதானமாக நடத்திக்கொண்டு போனார். சனம் கை தட்டியது. அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் சரியாக நடந்தார்.

சோதனைச் சாவடிக்கு அப்பால் அமெரிக்கன் வந்துவிட்டான். அது அந்த ஊர் இறைச்சிக்கடைக்காரர். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையச் சூயிங்கம். பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதுதான் கடைசிக் காட்சி. பிள்ளைகள் பாய்ந்து ஏறினார்கள். எங்கள் சிறுமி மட்டும் ஏறவில்லை. மாமி துணியை விடவில்லை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இறைச்சிக்கடைக்காரர் மாமிக்கும் ஒரு சூயிங்கத்தை நீட்டினார். மைக்கில் நின்றவர் ஏதோ பகிடி விட்டார். சிறுமி சிணுங்கத் தொடங்கினாள். பிறகு பேத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், அவள் சிரிக்கவில்லை. “என் பிள்ளையை விடு” என்றாள். மாமி துணியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் பார்த்தது பேத்தியின் முகத்தை. வேலை போய்விடும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போய்விடும், அப்பா பட்ட பாடெல்லாம் வீண். என் மூளையில் அவ்வளவுதான் ஓடியது. மாமியின் தோளைப் பிடித்து, கொஞ்சம் அழுத்தியே பிடித்து, காதுக்குள் சொன்னேன்.

“அவிட்டு விடுங்கோ மாமி. எல்லாரும் பாக்கினம். பத்து நிமிசம்தான், திருப்பிக் கொண்டுவந்து விட்டிடுவினம்.”

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த முடிச்சை நகத்தால் கிள்ளி, பிள்ளைக்கு நோகாமல் அவிழ்த்தார். வளையத்தைக் கழற்றி எடுத்தார். ஜீப் புறப்பட்டது.

அது பத்து நிமிடத்தில் வரவில்லை. மேட்டில் இஞ்சின் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்களாம். மாமி தெருவோரப் படியில் இருந்து, ஜீப் மறைந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. மேலே பல்கனியில் இருந்து சிஞ்ஞோரா, “வந்துவிட்டாளா?” என்று கத்திக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அரை மணித்தியாலம் கழித்து ஜீப் வந்தது. சிறுமி சூயிங்கம் மென்றபடி குதித்து ஓடி வந்தாள். மாமி அவளைப் பிடித்து, தலை, காது, கழுத்து, ஒவ்வொரு விரல் என்று தடவிப் பார்த்தார். “வந்திட்டுது” என்றார். பிறகு அந்த நடுத்தெருவில் மாமி அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சனம் இதற்கும் கை தட்டியது.

பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாமியே கதையை எடுத்தார். சனநெரிசலில் கை விட்டுப்போகவில்லை.

மச்சாளை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்ததும், அவள் தப்பி ஓடி வந்ததும் ஊர்ச்சனம் சொல்லி எங்களுக்கு முன்பே தெரியும். அவளுடைய தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். அதன் பிறகு செல் குண்டு விழுந்த அத்தனை நாளும் மாமி அவளைத் தன் சேலைத் துண்டால் கையோடு கட்டியே வைத்திருந்திருக்கிறார். பதுங்குகுழியில், சாப்பாட்டு வரிசையில், நித்திரையில். இருபது வயதுப் பிள்ளை, வெட்கப்பட்டாளாம். அப்படியே உயிரோடு கொண்டுவந்து படையினரின் பக்கம் சேர்த்தும்விட்டார்.

“அங்கை ஒருத்தன், நல்ல பெடியன், வடிவாத் தமிழ் கதைச்சவன். தலைமயிரைக் கண்டிட்டுக் கேட்டான், அம்மா, இவ இயக்கத்திலை இருந்தவவோ எண்டு. பன்னெண்டு நாள் எண்டு சொன்னன். ஒரு பதிவுதானம்மா, பத்து நிமிசம், பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவம் எண்டான். அவன் இழுக்கேல்லைப் பிள்ளை. அடிக்கேல்லை. நான்தான் அவிட்டனான். என்ரை கையாலை.”

மாமி பஸ் வரும் வளைவைப் பார்த்தபடி தொடர்ந்து சொன்னார்.

“நானும் வாறன் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். ஏத்தியிருப்பான், இல்லாட்டி விட்டிருப்பான். வரிசை நிக்குது, பின்னாலை சனம் தள்ளுது, எல்லாரும் பாக்கினம். கேக்கேல்லை.”

பஸ் வந்தது. மாமி இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து என் கையில் வைத்து, “நீ வைச்சிரு” என்றார். நான் அதை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவரிடம் சொன்ன வாய் என்னுடையதுதான்.

வேலை போகவில்லை. சிஞ்ஞோரா தான் சாகும் வரை மாமியை விடவில்லை. பிறகு மாமி பலேர்மோவுக்குத் திரும்பி, போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்களோடு வந்திருந்தார். என் மகளைச் சந்தைக்குக் கூட்டிப் போகும்போது கையைப் பிடிக்கமாட்டார், மணிக்கட்டைத்தான் பிடிப்பார். கை வழுக்கும் என்பார். மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து இரண்டு நாளில் போய்விட்டார். அடக்கப் பூசைக்குப் பெயர்கள் எழுதியது நான். மாமியின் பெயரை இறந்தவர்களின் தாளில் எழுதினேன். மச்சாளின் பெயரை மற்றத் தாளில் எழுதினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இரண்டு தாளையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இந்த ஆடியில் என் மகளுக்கு ஆறு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அதே சங்கு, அதே புகை, அதே வைக்கோல் கட்டு. இறைச்சிக்கடைக்காரருக்கு வயதாகிவிட்டது, அமெரிக்கனாக இப்போது அவருடைய மகன். என் மகள் ஜீப்பைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடி ஏறிவிட்டாள். “அம்மா, சோலோ ஊன் ஜிரோ, ஒரு சுத்துத்தான்” என்று அங்கிருந்து கத்தினாள். என் கைப்பைக்குள் நீலத் துணி இருந்தது. மாமி இருந்த படியில் யாரோ ஒரு குடும்பம் இருந்து கடலைமாவில் பொரித்த பனெல்லே தின்றுகொண்டிருந்தது.

நான் போய் ஜீப்பில் காலை வைத்தேன். “பிள்ளைகளுக்கு மட்டும்தான், சிஞ்ஞோரா” என்று இறைச்சிக்கடைக்காரரின் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்து நிமிடம்தான், திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்றான். நல்ல பெடியன். பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் பார்த்தார்கள்.

“நானும் வாறன்” என்றேன். தமிழில்தான் வந்தது. சொல்லிவிட்டு ஏறி இருந்தேன்.