எல்லப்பன் படத்தில் ஊக்கு

"சார், எக்ஸ்ரே எடுத்தேன், படமே வரல" என்று ஸ்டெல்லா போன் செய்தபோது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடையில் இரண்டாவது வடையில் இருந்தேன்.

"எதையும் தொடாத. வந்துகினே இருக்கேன்" என்றேன். வடையை மட்டும் விடவில்லை.

சக்கரம் வைத்துத் தள்ளிப் போகும் எக்ஸ்ரே மெஷின்களுக்கு சர்வீஸ் செய்வது என் வேலை. அன்று ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் மருத்துவ முகாம். அடுத்தடுத்த இரண்டு அறைகள். ஆண்களுக்கு மோகன், பெண்களுக்கு ஸ்டெல்லா, ஆளுக்கொரு மெஷின். படம் பிடிக்கும் தட்டைப் பலகையை நாங்கள் பேனல் என்போம். அதற்கு வயர் கிடையாது. மெஷினின் பக்கவாட்டுப் பையில் செருகினால் இரண்டும் தாமாகவே பேசி ஜோடி சேர்ந்துகொள்ளும். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயிற்சி வகுப்பில் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்: "ஜாதகம்கூட பாக்க வேணாம்மா. சொருகு, சேர்ந்துக்கும்."

போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் ஓர் ஆள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வயது நாற்பதுக்கு மேல். தலையில் எண்ணி நாலு முடி. பெயர் எல்லப்பன், ஊத்துக்கோட்டைப் பக்கம். ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அன்றுதான் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. டாக்டர் 'தகுதி' என்று எழுதினால், மாலை ஐந்து மணிக்கு அந்தப் பட்டியல் தலைமை அலுவலகம் போகும். டாக்டரோ, நெஞ்சுப் படத்தில் மேலே ஒரு நிழல் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

"பீடிகூட குடிச்சதில்ல சார். ஊட்ல காலைலயே சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப இன்னான்னு சொல்றது?" என்றார் என்னிடம். என் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதைப் பார்த்து என்னையும் ஒரு டாக்டர் என்று நினைத்துவிட்டார்.

எனக்குப் படம் பார்த்து நோய் சொல்லத் தெரியாது. ஆனால் படத்தில் கோளாறு இருந்தால் தெரியும். மோகனின் கம்ப்யூட்டரில் எல்லப்பன் பெயரைத் திறந்தேன். தோள்பட்டைக்குக் கீழே அந்த நிழல் இருந்தது. நடு நெஞ்சில் வெள்ளை வெளேரென்று ஓர் ஊக்கு.

"சட்டை பாக்கெட்ல இருந்துருக்கும்" என்றார் டாக்டர்.

"எல்லப்பா, சட்டை போட்டுகினா எடுத்தீங்க?"

"இல்ல சார். பனியனையும் கழட்டச் சொன்னாங்க."

வெறும் நெஞ்சில் ஊக்கு எப்படி வரும்? நிழலைப் பெரிதாக்கினேன். நீளமாக, முறுக்கு முறுக்காக இறங்கி, ஒரு ரப்பர் பேண்டில் முடிந்தது. எல்லப்பனின் தலையை ஒரு முறை பார்த்தேன், படத்தை ஒரு முறை பார்த்தேன்.

"டாக்டர், இது பின்னல்" என்றேன்.

ஸ்டெல்லா ஓடிவந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "சார், இது கேன்டீன் செல்வியக்கா. தாலிக் கயித்துல ஊக்கு மாட்டிகினு இருந்தாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் மொத ஆள் அவங்கதான்."

விஷயம் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லாவின் பேனலில் சார்ஜ் தீர்ந்துபோக, மோகனிடம் இருந்த உபரிப் பேனலை வாங்கித் தன் மெஷினில் செருகியிருக்கிறார். அது சேரவில்லை. தொழிற்சாலை இரைச்சலில் 'டிங்' வந்ததா என்று யார் கேட்டார்கள்? பேனல் சுவருக்கு அப்பால் இருந்த மோகனின் மெஷினோடே பழைய உறவை வைத்திருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்த, முந்தி வந்த செல்வியின் படம் எல்லப்பன் பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சரியா சொருகினியா?" என்று ஸ்டெல்லாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் சொருகினேன்."

குனிந்து பைக்குள் டார்ச் அடித்தேன். பேனலை அடையாளம் காண அங்கே கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. அதுதான் மெஷினின் கண். அதன்மேல் அழகாக, காய்ந்துபோய், சந்தனமும் குங்குமமும்.

"இதுல யாரு சார் பொட்டு வெச்சது?" என்றார் ஸ்டெல்லா.

போன வாரம் ஆயுத பூஜை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூத்தவன் என்ற முறையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது நான்தான். பொட்டுக்கென்றே அளவெடுத்து வைத்த இடம் போல் இருந்ததே என்று அன்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஈரத்துணியால் துடைத்தேன். செருகினேன். டிங். இருவருக்கும் மறுபடி படம் எடுத்தோம். செல்வியின் பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டதும் நிழலும் போயிற்று. எல்லப்பனின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

தொழிற்சாலை அதிகாரி விடவில்லை. "யார் தப்பு? அந்தப் பொண்ண இனிமே முகாமுக்கு அனுப்பாதீங்க" என்றார்.

"பொண்ணு மேல தப்பில்ல சார். என் கட்டைவிரல்தான்" என்றேன். சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "இன்னாய்யா, பழுதுக்குக் காரணம்ன்ற எடத்துல சந்தனம்னு எழுதிக்கிற?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தானாக நடக்கும் என்று சொல்லப்படும் காரியம் நடந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள். அப்படி உங்களிடம் சொன்னவன் நானாக இருந்தாலும் சரி.

அடுத்த வருடம் அதே தொழிற்சாலையில் முகாம், நானும் போயிருந்தேன். வரிசையில் எல்லப்பன் வந்தார். நிரந்தரத் தொழிலாளிக்கான புது அடையாள அட்டையைச் சட்டையில் குத்தியிருந்தார். படம் எடுக்குமுன் அதைக் கழற்றி, குத்தியிருந்த ஊக்கைத் தனியே என் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்திரமா வெச்சிகினு இருங்க சார். இந்த வாட்டி ஊக்கு என்னுது."