இரண்டாவது பாட்டில்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த காலத்தில், ஆண்டவனுக்கு அடுத்தபடி விவரம் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பை மதராஸிலிருந்து வந்த ஒரு காகிதம் இறக்கி வைத்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. உயிருக்குச் சேதமில்லை. கலந்துகொண்டிருந்த என் மைத்துனனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வெளியே பேச்சு கிளம்பியது. வெடிச் சத்தம் கூடுதலாக வரட்டும் என்று கந்தக மருந்தில் குளோரேட்டைச் சேர்த்துவிட்டானாம். அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது சட்டப்படி குற்றம். சேர்த்தான் என்று ருசுவானால் அவனுக்கு ஜெயில்.

அன்று காலை அவன் கலந்த மருந்தில் பாதி, பக்கத்து அறையில் ஒரு டப்பாவில் எரியாமல் இருந்தது. போலீஸ் ஏட்டையா வந்து, அந்த ஒரே டப்பாவிலிருந்து இரண்டு சிறு பாட்டில்களை நிரப்பினார். மதராஸ் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். நானும் கணக்குப்பிள்ளையும் சாட்சி. அரக்கு உருக்குவதற்காக ஏட்டையா வெளியே மரத்தடிக்குப் போனார். கணக்குப்பிள்ளை சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

தினமும் கலவையைத் தொடங்கும் முன் சல்லடை விளிம்பில் விபூதி பூசுவது எங்கள் வழக்கம். விளிம்போடு நிறுத்திக்கொள்வோம்; மருந்துக்குள் தூசி விழக் கூடாது என்று ஆட்களைத் திட்டுகிறவனே நான்தான். அப்படிப்பட்ட நான், இடுப்பில் செருகியிருந்த திருச்செந்தூர் இலை விபூதியைப் பிரித்து, “முருகா, நல்ல ரிசல்ட்டா வரணும்” என்று முதல் பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை போட்டேன். இரண்டாவது பாட்டிலுக்கும் விரலை நீட்டினேன். அதற்குள் ஏட்டையா அரக்கோடு திரும்பிவிட்டார். விரலை நெற்றியில் பூசிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி சோறு இறங்காமல் இருந்தாள். “எந்தம்பி இந்தக் கேசுல இருந்து வெளிய வந்துருவானாங்க?”

“எல்லாம் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன், நீ சாப்பிடு” என்றேன் பெருமையாக.

சில மாதம் கழித்து ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மைத்துனனும் நானும் போனோம். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. ஏட்டையா வரிவரியாகத் தமிழில் சொன்னார். ‘பையன் யோக்கியன், குற்றம் செய்யவில்லை’ என்று எழுதியிருப்பார்கள் என்று நம்பியல்லவா நான் வந்திருந்தேன்! அப்படி ஒரு சொல் இல்லை. பையனைப் பற்றியே பேச்சில்லை. தீ எதனால் பிடித்தது என்றும் இல்லை. முதலில், இரண்டு பாட்டில்களின் அரக்கு முத்திரைகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. அப்புறம், முதல் பாட்டிலில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் உள்ளன; குளோரேட் காணப்படவில்லை.

மைத்துனன் என் கையைப் பிடித்தான். ஏட்டையா நிறுத்தவில்லை.

“மேலும், சாம்பல் சிறிதளவு. எதன் சாம்பல் என்று கருத்துக் கூற இயலாது.”

அகப்பட்டுக்கொண்டேன் என்று புரிந்தது. அந்த நிலையிலும், திருச்செந்தூர் விபூதியை இனம் தெரியாத சாம்பல் என்று எழுதிவிட்டார்களே என்று உள்ளே ஒரு வருத்தம்.

ஏட்டையா காகிதத்தைக் கீழே வைத்தார். “எரியாத மருந்துல சாம்பல் எங்கன இருந்து வந்துச்சு? முத்திரை உடையல. அப்போ நான் முத்திரை வைக்கு முன்னாலயே உள்ள விழுந்திருக்கு. அங்கன இருந்தது மூணு பேரு. நான் போடல.” என் நெற்றியைப் பார்த்தார். அன்றைக்கும் மூன்று பட்டை, பளிச்சென்று.

ஒப்புக்கொண்டேன்.

“அண்ணாச்சி, சாமி கும்பிடணும்னா கோயிலுக்குப் போக வேண்டியதுதான? பாட்டிலுக்குள்ள எதுக்குக் கொண்டாந்தீக? வெளியாள் கை பட்ட பாட்டில் செல்லாதுன்னு கோர்ட்டுல இத அப்படியே தூக்கிப் போட்டிருவாக. ஒரு பாட்டில்தான் அனுப்பியிருந்தோம்னா இவன் கதி என்ன?”

நான் காகிதத்தின் பக்கம் குனிந்தேன். “ரெண்டாவது பாட்டில்ல என்னய்யா போட்டிருக்கு?”

“அதே மருந்து. குளோரேட் இல்ல. சாம்பலும் இல்ல. நீங்க தொடாததுனால தப்பிச்சான்.”

கேஸ் அத்தோடு நின்றது. இருவரும் பஸ் ஏறினோம். சாத்தூர் தாண்டியதும் மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: “அத்தான், இனிமே என்னயக் காப்பாத்தணும்னு தோணுச்சுன்னா, கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க.”

எனக்கு இன்றைக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. அரக்கு அவ்வளவு சீக்கிரம் உருகாது. ஏட்டையாவை அந்த நிமிஷத்தில் உள்ளே அனுப்பி என் விரலைத் தடுத்தவன் முருகன்தான். இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். கேஸ் முடிந்த அடுத்த கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். அர்ச்சனை முடிந்து குருக்கள் இலை விபூதியை நீட்டினார். நான் கை நீட்டும் முன்பே என் மனைவி அதை வாங்கி, முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.